நண்டுக்கூண்டும் இழுவைப்பொறியும்

நண்டுக்கூண்டு இழுவைப்பொறி என்பது, இரை வைத்துக் கடலடியில் இறக்கிய கூண்டைக் கயிற்றோடு மேலே இழுத்துத் தரும் ஒரு சிறு கருவி. படகின் விளிம்பில் நிற்கும் வளைந்த குழாய், அதன் நுனியில் ஒரு கப்பி, கயிற்றைக் கவ்விச் சுழலும் சக்கரம், சக்கரத்தைச் சுற்றும் மோட்டார்; அதன் உடல் இவ்வளவுதான். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் விடுமுறை நாள்களில் நண்டு பிடிக்கப் போகும் சிறு படகுகளில் இது சாதாரணமாகக் காணப்படும். தமிழ்நாட்டின் நண்டுப் படகுகளில் தேடினால் கிடைப்பது அரிது.

ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடற்கரையும், சங்க காலம் தொட்டு நண்டு உண்ணும் வழக்கமும் உள்ள நாட்டில் இந்தக் கருவி ஏன் வரவில்லை, வந்தால் எதைக் கூடவே கொண்டுவரும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒரு சொல் விளக்கம் முதலில். தமிழில் 'பொறி' என்பது இயந்திரத்தையும் குறிக்கும், எலிப்பொறி போல விலங்கை அகப்படுத்தும் கருவியையும் குறிக்கும். குழப்பம் வராமலிருக்க, இங்கே நண்டை அகப்படுத்துவதைக் 'கூண்டு' என்றும், அதை இழுப்பதை 'இழுவைப்பொறி' என்றும் வைத்துக்கொள்வோம்.

கையால் பிடித்த காலம்

அலவன், கள்வன், ஞெண்டு ஆகிய மூன்றும் சங்க இலக்கியத்தில் நண்டுக்கு வழங்கிய பெயர்கள். நெய்தல் நிலத்துப் பெண்கள் மணலில் நண்டை விரட்டி விளையாடுவதற்கு 'அலவன் ஆட்டல்' என்று பெயர். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் 'கள்வன் பத்து' என்றே ஒரு பத்து உண்டு. அது வயல் நண்டைப் பற்றியது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட வயல்களில் இன்றும் வரப்பைத் துளைப்பது அதே வகையறாதான். சளி பிடித்தால் நண்டு ரசம் வைக்கும் வீடுகளுக்கு அது பழக்கமான பிராணி.

வயல் நண்டைப் பிடிக்கக் கயிறும் வேண்டாம், படகும் வேண்டாம். வளையில் கைவிடும் துணிவு போதும். பிச்சாவரம், பழவேற்காடு போன்ற கழிமுகங்களில் இருளர் மக்கள் சேற்று நண்டை வளையிலிருந்து எடுப்பதும் கையாலோ, நுனி வளைந்த இரும்புக் கம்பியாலோதான். இந்தச் சேற்று நண்டைத்தான் உயிரோடு கட்டிச் சிங்கப்பூருக்கு அனுப்புகிறார்கள். கட்டிய நண்டு ஒரு கால் குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதால், அதைப் பிடிக்கும் முறையும் பக்குவமாகவே இருந்து வந்திருக்கிறது.

கடல் நண்டின் கதை வேறு. அது ஆழத்தில் கிடக்கிறது. ஆழம் என்றாலே கயிறு வேண்டும், கயிறு என்றால் அதை இழுக்க ஆள் வேண்டும்.

கயிறு பிடித்த கைகள்

தமிழ்க் கடற்கரையில் கயிறு இழுக்கும் வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் முதலில் நினைவுக்கு வருவது மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு. குளிப்பவர் ஒரு கல்லைக் காலில் பற்றிக்கொண்டு கீழே இறங்குவார். அடியில் சேர்ந்ததும் கல்லை விடுவார், படகில் நிற்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளை வலைப்பையில் நிரப்பிவிட்டுக் கயிற்றை அசைத்துக் குறிப்புக் கொடுப்பார். மேலே நிற்பவர் பையையும் குளிப்பவரையும் இழுத்தெடுப்பார். கயிறு பிடிப்பவர் ஒரு கணம் அசந்தால் கீழே இருப்பவருக்கு மூச்சு இல்லை. அதனால் மைத்துனனைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள், தன் உடன்பிறந்தாள் தாலியை அவன் அறுக்க மாட்டான் என்பது கடற்கரையில் சொல்லப்படும் காரணம். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புதான் அங்கே கடைசியாக நடந்த பெரிய தொடர். சங்கு குளித்தல் அதற்குப் பின்னும் நீடித்தது.

அடுத்தது கரைவலை. அரை வட்டமாகக் கடலில் விட்ட பெருவலையின் இரு கயிறுகளையும் கரையில் நின்று பத்து இருபது பேர், சில இடங்களில் அதற்கும் மேல், பின்னோக்கி நடந்தபடி இழுப்பார்கள். இழுப்பில் ஒத்திசைவு வர அம்பாப் பாட்டு. கிடைத்ததில் இழுத்தவர் ஒவ்வொருவருக்கும் பங்கு. கிழவருக்கும் சிறுவனுக்கும்கூட அந்தக் கயிற்றில் ஓர் இடம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தச் செய்தி பின்னால் நமக்குத் தேவைப்படும்.

உள்நாட்டில் இதே வேலையை மாடு செய்தது. முசிறி, மணப்பாறைப் பக்கத்துப் புன்செய்க் கிணறுகளில் மோட்டார் வருமுன் கமலை இருந்தது. சாலில் நிரம்பிய நீரை வடம் கப்பி வழியாக மேலே கொண்டுவரும், மாடுகள் சரிவில் இறங்கி இழுக்கும். இன்று ஒரு படகில் மோட்டாரும் கப்பியும் செய்யும் வேலைக்கும் கமலைக்கும் இயற்பியல் பாடத்தில் வேறுபாடு இல்லை. சுமை, கயிறு, உருளை, விசை என்ற நான்கும் அப்படியே இருக்கின்றன. ஒரே வேறுபாடு, கமலையில் வடத்தின் மறுமுனை மாட்டின் நுகத்தடியில் கட்டப்பட்டிருக்கும். இழுவைப்பொறியில் மறுமுனை எதிலும் கட்டப்படுவதில்லை. சக்கரத்தின் பள்ளம் கயிற்றைக் கவ்விக் கவ்வி விடுகிறது.

வலையா, கூண்டா?

தமிழ்நாட்டில் கூண்டு இல்லாமலில்லை. கீழக்கரை, மண்டபம் பகுதிகளில் உடைமரச் சிம்புகளைப் பின்னிச் செய்த கூடுகளில் பாறை மீன் பிடித்ததை 1950-களிலேயே மீன்வள ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டக் கரையில் குளச்சலை ஒட்டிய ஊர்களில் பனையிலிருந்து எடுத்த நாரும் மட்டையும் கொண்டு செய்த கூடுகளில் சிங்கி இறால் பிடித்தார்கள். இவை பாறைக்கும் பவளப்பாருக்கும் ஏற்ற கருவிகள். வலை போட்டால் கிழிந்துவிடும் இடங்களில் கூடுதான் வழி.

ஆனால் நண்டு நிறைந்த பாக் நீரிணை அப்படிப்பட்ட இடமல்ல. அதன் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவான ஆழம். அடித்தளம் சேறும் மணலும் கடற்புல்லும் கலந்தது. நீலக்கால் நண்டுக்கு இதைவிடச் சௌகரியமான இடம் கிடைக்காது. சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், தொண்டி, மண்டபம் என்று இந்தக் கரை முழுவதும் நண்டைப் பிடிப்பது நண்டு வலையால்தான். தரையைத் தொட்டு, உயரம் குறைவாக, சுவர்போல் நிற்கும் செவுள்வலை அது. மாலையில் விட்டு விடியலில் எடுப்பார்கள். ஆழம் குறைவு என்பதால் வல்லத்தில் இருவர் மூவர் கையாலேயே வலையை ஏற்றிவிடலாம்.

கடினமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வலை இழையில் பத்துக் கால்களும் பின்னிக்கொண்டு கிடக்கும் நண்டை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். வலையைக் கரையில் விரித்து வைத்துக் குடும்பத்துப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து மணிக்கணக்கில் செய்யும் வேலை இது. அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும். நண்டு தானாகவே காலைக் கழற்றிப் போட்டுவிடுவதும் உண்டு. பல்லி வாலை விடுவதுபோல அது அதன் தற்காப்பு. ஓடு கழற்றும்போது புதுக் கால் முளைக்கும் என்றாலும், பிடிபட்ட நண்டுக்கு அந்த வாய்ப்பு ஏது?

கடல் இல்லாத திருச்சிக்கு, காந்தி மார்க்கெட் மீன் கடைகளுக்கு, இந்தக் கடல் நண்டு பனிக்கட்டிப் பெட்டியில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து வருகிறது. கூடையில் கிடக்கும் நண்டுகளில் ஒரு கொடுக்கு இல்லாததும், இரண்டு கால் குறைந்ததும் இருக்கும். பேரம் பேசுகிறவர் முதலில் சுட்டிக்காட்டுவதும் அதைத்தான். பெட்டிக்குள் நசுங்கி ஒடிந்தது கொஞ்சம் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அது வலையிலிருந்து கழற்றிய இடத்திலேயே போன கால். ஒரு சரக்கைப் பார்த்தே அதைப் பிடித்த கருவியைச் சொல்லிவிடலாம் என்பதற்கு நண்டு நல்ல எடுத்துக்காட்டு.

எனவே, இழுவைப்பொறி இங்கே ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு விடை எளிது. நம் நண்டுத் தொழிலில் உழைப்பு முடங்கிக் கிடப்பது கயிற்றை இழுப்பதில் அல்ல, நண்டைக் கழற்றுவதில். இழுப்பை எளிதாக்கும் இயந்திரத்துக்கு இங்கே வேலை இல்லை. மீனவர்கள் புதுமையை ஏற்காதவர்கள் என்று சிலர் எழுதுவது சரியல்ல. தேவை வந்த இடத்தில் அவர்கள் உடனே ஏற்றிருக்கிறார்கள். 1953-இல் கேரளத்தின் நீண்டகரையில் வேலை தொடங்கிய இந்திய-நார்வேத் திட்டம் 1960-களில் மண்டபத்துக்கும் வந்தது. அக்காலத்தில் பரவிய இழுவைமடி விசைப்படகுகளில், படகின் எஞ்சினிலிருந்தே விசை எடுத்துச் சுழலும் விஞ்ச் சில ஆண்டுகளுக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. கனத்த மடியைக் கையால் ஏற்ற முடியாது என்பதுதான் காரணம்.

செசபீக்கில் பிறந்த கூண்டு

கூண்டும் இழுவைப்பொறியும் ஜோடியாக வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே கிழக்குக் கரையில் செசபீக் விரிகுடா உண்டு. பாக் நீரிணையைப் போலவே ஆழம் குறைந்த, கடற்புல் நிறைந்த, நீல நண்டுக்குப் பேர்போன நீர்ப்பரப்பு. அங்கே நெடுங்கயிற்றில் இடைவெளி விட்டு இரையைக் கட்டி, இரையைப் பற்றிய நண்டு நழுவுமுன் கைவலையால் அள்ளுவதே வழக்கமாக இருந்தது. வர்ஜீனியாவைச் சேர்ந்த பெஞ்சமின் லூயிஸ் என்பவர் கம்பிவலையால் ஒரு கூண்டு செய்து 1928-இல் காப்புரிமை பெற்றார். பத்தாண்டு கழித்து, 1938-இல், அதைத் திருத்தி மறுபடி காப்புரிமை வாங்கினார். அதன் சூட்சுமம் நண்டின் குணத்தில் இருக்கிறது. பயந்த நண்டு மேல்நோக்கி நீந்தும். கீழறையில் இரையைத் தின்ற நண்டு வெளியேற எண்ணி மேலே ஏறி, மேலறைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். இன்று உலகெங்கும் விற்கும் சதுரக் கம்பிக் கூண்டுகளுக்கு இதுவே முன்னோடி.

கூண்டில் நண்டுக்குக் காயம் இல்லை. உயிரோடு, கால் குறையாமல் வரும். சிறிய நண்டையும் சினை நண்டையும் எடுத்துத் திரும்பக் கடலில் விட்டால் பிழைத்துக்கொள்ளும். வலையில் இது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் கூண்டுக்கு வேறொரு விலை உண்டு. ஒவ்வொரு கூண்டையும் தனித்தனியாக இறக்க வேண்டும், தனித்தனியாக ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நூறு கூண்டு ஏற்றினால், கழற்றும் வேலை குறைந்து இழுக்கும் வேலை கூடிவிடும். அந்த இடத்தில்தான் பொறி நுழைந்தது.

வடக்கே மெய்ன் மாநிலத்தில் பெருஞ்சிங்கி இறால் பிடிப்பவர்கள், படகுக்குப் பெட்ரோல் எஞ்சின் வந்தபின் அதிலிருந்தே ஓர் உருளையைச் சுழலவிட்டுக் கயிற்றை அதில் சுற்றி இழுத்தார்கள். பழைய மோட்டார் காரின் உதிரிப் பாகங்களைக் கொண்டு உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொண்டவர்கள் பலர். பின்னர் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பொறிகள் வந்தன. பெருவலைகளைத் தூக்க மாரியோ புராத்திச் 1950-களில் உருவாக்கிய விசைக்கப்பி இதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய அண்ணன். அலாஸ்காவின் அரச நண்டுக் கூண்டு ஏழடிச் சதுரம், வெறுங்கூண்டே 300 கிலோவுக்கு மேல். அதை நூறு மீட்டர் ஆழத்திலிருந்து கையால் ஏற்றுவது நடவாது. அந்தத் தொழிலே ஹைட்ராலிக் பொறியின் தோளில் எழுந்தது எனலாம்.

உல்லாசப் படகுக்கு வந்தது கடைசியில். சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடலில் டன்ஜனஸ் நண்டு பிடிக்கக் குடும்பத்தோடு போகிறவர்களுக்காக, காரின் பேட்டரி போன்ற 12 வோல்ட் மின்கலத்தில் ஓடும் சிறு பொறிகளை நிறுவனங்கள் விற்கத் தொடங்கின. அங்கே ஆழம் 20, 30 மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். வாரம் முழுவதும் அலுவலகத்தில் உட்கார்ந்தவர் முதுகு அதற்குத் தாங்காது.

எவ்வளவு விசை வேண்டும்?

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் போதும். நண்டோடு கூண்டின் எடை, ஈரக் கயிற்றின் எடை, நீரின் எதிர்ப்பு, படகின் ஆட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 25 கிலோ இழுப்பு என்று வைப்போம். அது ஏறத்தாழ 245 நியூட்டன். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இழுத்தால் திறன் 245-ஐ 0.5-ஆல் பெருக்க, சுமார் 122 வாட். பல்சக்கரத்திலும் மோட்டாரிலும் பாதி வீணாகும் என்று கொண்டால் 245 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 20 ஆம்பியர். 30 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கூண்டு ஏற 60 நொடி. இருபது கூண்டுக்கு 20 நிமிடம், மின்கலத்திலிருந்து போவது சுமார் 7 ஆம்பியர்-மணி. சாதாரணக் கார் மின்கலமே தாங்கும், ஆனால் அதே மின்கலத்தில்தான் எஞ்சினையும் கிளப்ப வேண்டும் என்றால் கரை திரும்பும்போது வம்பு. எஞ்சினுக்கு ஒன்று, பொறிக்கு ஒன்று என்று தனித்தனியே வைப்பதே முறை.

விளம்பரத்தில் வேகத்தைப் பெரிதாகப் போடுவார்கள். அதில் மயங்க வேண்டாம். நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதோடு கூண்டு விளிம்பை நெருங்கும் கடைசி இரண்டு மீட்டரில், வேகமான பொறி கூண்டைக் கப்பியில் கொண்டுபோய் மோதிவிடும். வேகத்தைவிட முக்கியமானது கயிறும் சக்கரமும் பொருந்துவது. இரண்டு தட்டுகள் சேர்ந்த குறுகிய பள்ளத்தில் கயிறு அழுந்திப் பிடிபடுகிறது. 6 மில்லிமீட்டர் கயிறுக்கான சக்கரத்தில் 10 மில்லிமீட்டர் கயிறு மேலே மிதக்கும், மெல்லிய கயிறு அடியில் போய்ச் சிக்கும். கவ்விய கயிற்றைப் பள்ளத்திலிருந்து நெம்பி விடுவிக்க ஒரு சிறு நாக்கு இருக்க வேண்டும். அது இல்லாத பொறியில் கயிறு சக்கரத்தையே மீண்டும் சுற்றிக்கொள்ளும். கயிறு மிதக்காத வகையாகவும் இருக்க வேண்டும். மிதந்தால் அடுத்த படகின் விசிறியில் சிக்கும்.

சில ஆழங்களுக்குப் பொறியே தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாக் நீரிணையில் 6, 7 மீட்டர் ஆழத்தில் பத்துக் கூண்டு போடுபவருக்கு, விளிம்பில் ஒரு நல்ல கப்பி மட்டும் போதும். கிணற்று ராட்டினத்தின் தம்பி அது.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

பொறி வாங்கியவர்கள் அதிகம் தவறுவது பொருத்தும் இடத்தில். கணக்கு இங்கேயும் உதவும். கப்பி நுனி, அடித்தட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்கிறது என்போம். 25 கிலோ சுமைக்குத் திருப்பம் 15 கிலோ-மீட்டர். அதுவே கூண்டு பாறையில் மாட்டி, அலை படகைத் தூக்கும்போது கயிற்றில் 100 கிலோ இழுப்பு வந்தால், திருப்பம் 60. அடித்தட்டின் போல்ட்டுகளுக்கு இடையே 15 சென்டிமீட்டர்தான் என்றால், ஒரு பக்கத்துப் போல்ட்டுகள் தாங்க வேண்டியது 60-ஐ 0.15-ஆல் வகுக்க, 400 கிலோ! ஃபைபர் படகின் விளிம்பில் வெறும் திருகாணியால் முடுக்கிய பொறி பெயர்ந்து வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஆகவே துளையிட்டு ஊடுருவும் போல்ட், அடிப்புறத்தில் அகலமான தட்டு, துளையோரத்தில் நீர் புகாதபடி அடைப்பு, உப்புக்குத் துருப்பிடிக்காத எஃகு ஆகியவை கட்டாயம். மர வல்லமாக இருந்தால் பலகையில் அல்ல, வங்கு எனப்படும் விலாச் சட்டத்தோடு சேர்த்துப் பிணைக்க வேண்டும். பலகை தண்ணீரைத் தடுக்கத்தான், சுமையைத் தாங்குவது வங்கு. மோட்டார் கீழேயும் கப்பி மேலேயும் இருக்கும் அமைப்பில், கப்பியின் ஊசி கயிற்றின் இரு பக்க இழுப்பையும் சேர்த்துத் தாங்குகிறது. அதாவது 25 கிலோவுக்கு 50. கப்பியை மலிவாக வாங்குவது இதனால்தான் ஆபத்து.

அமரத்தில், அதாவது படகின் பின்பகுதியில், பொருத்தக் கூடாது. எஞ்சினின் எடையால் ஏற்கனவே தாழ்ந்திருக்கும் இடம் அது. கூண்டு மாட்டிக்கொண்டால் பின்புறம் இன்னும் தாழ்ந்து அலை உள்ளே ஏறும். கயிறும் விசிறிக்கு அருகில் வரும். நடுப்பகுதிக்குச் சற்று முன்னால், சுக்கான் பிடிப்பவர் கண்ணுக்குத் தெரியும் பக்கமாக வைத்து, காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்கொண்டு மிதவையை நெருங்குவதே வழி. சிறு திறந்த படகில் பக்கவாட்டு இழுப்பும் கவிழ்க்கும். அதனால் மோட்டார் ஓரளவுக்கு மேல் இழுக்காமல் தானே நிற்க வேண்டும், மின்கம்பியில் மின்னுருகி இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கத்தி இருக்க வேண்டும். மிகப் பெரிய பொறியை வாங்கிச் சிறிய படகில் வைப்பவர் தம் படகைத் தாமே கவிழ்க்கக் காசு கொடுக்கிறார்.

களைப்பு என்ற எல்லை

கையால் இழுத்த காலத்தில் ஒரு மனிதன் ஒரு நாளில் எத்தனை கூண்டு ஏற்றலாம் என்பதை அவன் தோள் முடிவு செய்தது. யாரும் எழுதி வைக்காத அந்த எல்லையைப் பொறி எடுத்துவிட்டது. பிறகு அந்த எல்லையைச் சட்டம் எழுத வேண்டியதாயிற்று. மெய்ன் மாநிலத்தில் இன்று ஒருவருக்கு அதிகபட்சம் 800 கூடுகள். பியூஜெட் சவுண்டில் பொழுதுபோக்காகப் பிடிப்பவருக்கு இரண்டே கூண்டுகள், மிதவையில் பாதி சிவப்பு பாதி வெள்ளை, ஆண் நண்டு மட்டும், அதுவும் ஓட்டின் அகலம் ஆறேகால் அங்குலம் இருந்தால்தான், ஒரு நாளைக்கு ஐந்து. பொறியை வைத்துக்கொள், ஆனால் அதற்குத் தீனி இவ்வளவுதான் என்று சொல்வது போன்ற விதிகள். அலாஸ்காவில் விதி போதாமலும் போயிற்று. கோடியாக் தீவைச் சுற்றிய சிவப்பு அரச நண்டுப் பிடிப்பு 1960-களின் நடுவில் உச்சத்தைத் தொட்டு, 1983-இல் மூடப்பட்டது. கடல் நீரின் மாற்றங்களும் காரணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள், அளவுக்கு மீறிப் பிடித்ததை யாரும் மறுப்பதில்லை. அது இன்னும் திறக்கப்படவில்லை.

நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளில் இருக்கிறது. அங்கே கரைவலையை ஆள்களுக்குப் பதிலாக உழவு இயந்திரத்தில் விஞ்ச் பூட்டி இழுக்கும் வழக்கம் பரவியபோது பெரும் தகராறு எழுந்தது. ஆள் கிடைப்பதில்லை, செலவு கட்டவில்லை என்பது சம்மாட்டிகளின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. இன்றைய இளைஞர் வெயிலில் கயிறு இழுக்க வரிசையில் நிற்பதில்லை. விஞ்ச் அடித்தளத்தை வாரிவிடுகிறது, குஞ்சு மீனும் தப்புவதில்லை, சிறு தொழிலாளர் பங்கு போகிறது என்பது மற்றவர்களின் வாதம். கிழவருக்கும் சிறுவனுக்கும் அந்தக் கயிற்றில் இருந்த இடம் இந்தத் தகராறில் அதிகம் பேசப்படவில்லை.

பாக் நீரிணைக்குத் திரும்பினால், இங்கே இழுவைப்பொறி வராமலேயே எல்லை உடைந்துவிட்டது. பருத்தி வலை போய் நைலான் வந்தது, பாய் போய் எஞ்சின் வந்தது, 2004 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகின. 1990-கள் முதல் மண்டபம் வட்டாரத்தில் வளர்ந்த நண்டு இறைச்சி ஏற்றுமதி, சதையைப் பிரித்தெடுக்கும் பெண்களுக்குக் கூலியைக் கொடுத்தது. சிறு நண்டுக்கும் விலை உண்டு என்ற நிலையையும் அதுவே கொடுத்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளை நிறுத்துகிறது, வல்லங்களின் நண்டு வலையை அல்ல. இந்தக் கடலில் கூண்டு நல்ல மாற்று என்றே கருதுகிறேன். நண்டு உயிரோடு வரும், சினை நண்டைத் திரும்ப விடலாம், கழற்றும் பெண்களின் விரல்களும் பிழைக்கும். ஆனால் கழற்றும் வேலையில் அவர்களுக்குக் கிடைக்கும் கூலி எங்கே போகும் என்பதற்கும் சேர்த்துத்தான் விடை தேட வேண்டும். கூண்டோடு இழுவைப்பொறியும் வருமானால், ஒரு படகுக்கு எத்தனை கூண்டு என்ற எண்ணை ஊர்ப் பஞ்சாயத்து அதற்கு முன்பே பேசி முடித்திருப்பது நல்லது. பொறிக்குக் கடன் வாங்கியவர் பிறகு கூண்டைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. கயிறு அறுந்து கடலடியில் தங்கிவிட்ட கம்பிக் கூண்டு சும்மா கிடப்பதில்லை. உள்ளே செத்த நண்டு அடுத்த நண்டுக்கு இரையாகும், அது செத்தால் அதற்கடுத்ததற்கு. இதற்காகவே வாஷிங்டன் மாநில விதியில், கூண்டின் மூடியோ ஒரு பக்கமோ மட்கக்கூடிய பருத்தி நூலால் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று இருக்கிறது. சில வாரங்களில் நூல் இற்று அறுந்து, வாசல் திறந்து, நண்டு வெளியே போய்விடும். கூண்டு முழுவதும் நைலானும் இரும்பும் இருக்கும்போது, அந்த ஒரு முழ நூல் மட்டும் பருத்தி.